கதை ஜெபமா, செபமாலையா, ஞாயிறு பாடசாலையா: சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு எது சரிவரும்?

வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறோம். மூத்தவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு ஐந்து. நாங்கள் மெதடிஸ்ட், கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் மச்சாள் வீடு கத்தோலிக்க வீடு. பிள்ளைகளுக்கு விசுவாசத்தை எப்படி ஊட்டுவது என்று யோசித்தபோது பல வழிகள் முன்னால் இருந்தன. கடைசியில் நாங்கள் எடுத்தது, இராச்சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வேதாகமக் கதை, ஒரு பாட்டு, ஒரு சின்ன ஜெபம். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

யூடியூப் கார்ட்டூன்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தாவீது கோலியாத்தை விழுத்தினதும் அடுத்த வீடியோ தானாக ஓடத் தொடங்கும், அது விளையாட்டுக் கார் வீடியோவாக இருக்கும். காய்ச்சலில் படுத்திருக்கும் நாளுக்குப் பரவாயில்லை.

ஞாயிறு பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. பாட்டு, நாடகம், ஒத்த வயதுப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் கிடைக்கும். ஆனால் அது ஒன்றே போதும் என்று விடுகிற பெற்றோர்தான் அதிகம். 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பாடசாலையைத் தொடங்கியது, வார நாள் முழுக்க வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைகளுக்கான ஏற்பாட்டை, இரண்டு பட்டதாரிகள் இருக்கும் வீடுகளும் முழுக்க நம்பியிருப்பது கொஞ்சம் வேடிக்கைதான். கொழும்பில் இதற்கு இன்னொரு எதிரியும் உண்டு: ஞாயிறு காலை டியூஷன். பிள்ளை ஐந்தாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் பரீட்சைக்குப் படிக்கும் வகுப்புக்கு வந்ததும் எது முதலில் கழன்று விழும் என்று எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) வரை சமயம் ஒரு கட்டாயப் பாடம். கத்தோலிக்கமும் கிறிஸ்தவமும் தனித்தனிப் பாடங்களாகவே இருக்கின்றன. அதில் நல்ல புள்ளி எடுக்கிற பிள்ளை வீட்டில் ஜெபிக்கத் தெரிந்த பிள்ளையாக இருக்கவேண்டும் என்றில்லை.

ஞானோபதேசம், அதாவது விசுவாசத்தைக் கேள்வியும் பதிலுமாக மனப்பாடம் செய்விக்கும் முறை, பழையது, கெட்டியானது. சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1529இல் சிறிய ஞானோபதேசத்தை எழுதியபோது, குடும்பத் தலைவன் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்கவேண்டிய விதம் என்றே பகுதிகளுக்குத் தலைப்பிட்டார். சீர்திருத்தச் சபைகளின் ஹைடல்பெர்க் ஞானோபதேசத்தின் 129 கேள்விகளும் வருடத்தின் 52 ஞாயிறுகளுக்குப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. மனப்பாடம் பிள்ளைகளுக்குப் பாரம் என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். ஐந்து வயதுக்காரன் 23ஆம் சங்கீதத்தின் ஆறு வசனங்களையும் விளையாட்டுப்போல் சொல்வான். கேள்வி-பதிலை மட்டும் நாங்கள் தள்ளி வைத்திருக்கிறோம். பதில் முதலிலேயே கையில் இருந்தால் சின்னப் பிள்ளைக்குத் தன் கேள்வி வருவதில்லை.

உண்மையான போட்டி மச்சாள் வீட்டுச் செபமாலைதான். அங்கே மாமி முழங்காலில் நின்றதும் வீடு அடங்கும். செபிக்கும்போது தியானிக்கும் இயேசு, மரியாளின் வாழ்க்கைச் சம்பவங்களைத்தான் மறைபொருள் என்பார்கள்: திங்களுக்கும் சனிக்கும் மகிழ்ச்சி மறைபொருள், செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் துயர், வியாழனுக்கு 2002இல் சேர்க்கப்பட்ட ஒளி என்று இன்றைக்கு என்ன என்பது எப்போதோ முடிவாகிவிட்ட விஷயம். யாரும் எதையும் தயாரிக்கத் தேவையில்லை. களைத்துப்போன ஆளும் நடத்தலாம், எழுத்தறியாத பாட்டியும் நடத்தலாம். மறைபொருள்களைக் கேட்டே பிள்ளைக்கு இயேசுவின் வாழ்க்கை வரிசையாக மனதில் ஏறிவிடும். குறை என்றால், ஐம்பத்து மூன்று அருள் நிறைந்த மரியே மந்திரம் முடிய இருபது நிமிடமாவது ஆகும். பத்து மணிகளாகப் பிரித்துச் சொல்வதில் சின்னதுகள் மூன்றாம் பத்திலேயே தூங்கி விழும். மச்சாள் இப்போது சின்னவர்களை முதல் பத்தோடு எழும்ப விட்டுவிடுகிறாள்.

இதை இவ்வளவு சொல்லக் காரணம், எந்த முறை நல்லது என்பதைவிட எந்த முறை நிற்கும் என்பதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. நல்ல நாளில் எதுவும் நடக்கும். கோட்டையிலிருந்து வரும் ரயில் பிந்தி, மனிசன் வியர்த்துக் கொட்ட வந்து, பிள்ளையின் ஹோம்வேர்க் பாதியில் கிடந்து, நாளைய யூனிஃபோம் இன்னும் ஈரமாகத் தொங்கும் புதன்கிழமை இரவில் நடக்கிற முறைதான் முறை. தெரிந்த ஒரு வீட்டில் வசனப் பலகை, நிறத்தாள், கைவேலை எல்லாம் வைத்து அருமையாகத் தொடங்கினார்கள். அந்த அம்மாவுக்கு ஒஃபிஸில் வேலை கூடிய மாதத்தோடு அது நின்றுபோனது.

அதனால் எங்கள் கதை ஜெபத்துக்குச் செபமாலையிடமிருந்தே சில பாடங்களை எடுத்துக்கொண்டோம். பத்து நிமிடத்துக்கு மேல் போவதில்லை. வீட்டில் எந்தப் பெரியவர் இருக்கிறாரோ அவர் நடத்துவார். அப்பா வரட்டும் என்று காத்திருப்பதில்லை. விட்டுப்போன நாளுக்கு மறுநாள் இரட்டைக் கதை கிடையாது. கதையைத் தேடுவதும் இல்லை, ஒரு புத்தகத்தை எடுத்தால் அதன் வரிசையில் போவோம். மாற்கு சுவிசேஷம் இதற்கென்றே எழுதினது போல இருக்கிறது: பதினாறே அதிகாரம், சின்னச் சின்னச் சம்பவங்கள். கூரையைப் பிரித்து நண்பனைக் கட்டிலோடு இறக்கின நாலு பேர், புயலில் தலையணை வைத்துத் தூங்கின இயேசு, யவீருவின் பன்னிரண்டு வயது மகள். முதலில் வீட்டுப் பேச்சில் கதையைச் சொல்வோம், பிறகு ஒரே ஒரு வசனத்தை வேதாகமத்தில் உள்ளபடி வாசிப்போம். பழைய ஏற்பாட்டில் சாமுவேலும் யோனாவும் நன்றாகப் போகும். ஈசாக்கைப் பலியிடப் போன கதையை இப்போதைக்குத் தாண்டிவிடுகிறேன்.

விடாமல் நடத்திக்கொண்டு போவதில் செபமாலைதான் இன்னும் ஒரு படி மேலே, அதை ஒத்துக்கொள்கிறேன். கதை ஜெபத்தை நான் விடாததற்குக் காரணம் கேள்விகள். நோவாவின் பேழைக் கதையில் எல்லோரும் மிருகங்களை எண்ணிக்கொண்டிருக்க, சின்னவன் "மற்றப் பிள்ளையள் எல்லாம் எங்க போனவை?" என்றான். வகுப்பில் இருபது பிள்ளைகளை வைத்திருக்கும் டீச்சரால் அதில் நின்று பேச முடியாது. வீட்டில் முடியும், "அது எனக்கும் கவலைதான் மகன்" என்றாவது சொல்லலாம். பெரிய திருநாள்களில் கோவில் வாசலில் ஏன் பொலிஸ் நிற்கிறது என்று மூத்தவள் கேட்டதும் இந்தப் பத்து நிமிடத்துக்குள்தான். 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் நடந்த குண்டுவெடிப்புகளை எந்தப் பாடத்திட்டமும் எட்டு வயதுக்குச் சொல்லித் தராது. மட்டக்களப்பில் இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

இனி, எனக்குப் பட்டறிவு இல்லாத இடங்கள். கொழும்பில் அம்மா சைவம், அப்பா கிறிஸ்தவம் என்று இருக்கும் வீடுகள் எத்தனையோ. அங்கே இரவு ஜெபத்தில் யார் உட்காருவது, யார் எழும்புவது என்பது வேறு கணக்கு. எங்கள் முறையை அப்படியே அங்கே தூக்கி வைக்கச் சொல்லமாட்டேன். பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளைப் பற்றியும் அப்படித்தான். மச்சாளின் மூத்தவனுக்குப் பதின்மூன்று. மாமி மணியை எடுக்கும் நேரம் பார்த்து அவனுக்குக் குளிக்க வேண்டும்போல் வந்துவிடுகிறது. அந்த வயதுக்குக் கேள்வி-பதில்தான் பொருந்துமோ என்னவோ. பெரிய பிள்ளைகளோடு அதைச் செய்து பார்த்தவர்கள்தான் சொல்லவேண்டும்.