முற்றத்தில் ஒரு கார்: யாழ்ப்பாணத்துத் தொடக்கநிலையாளருக்கு நான்கு வழிகள்

ஆலையில் பூட்டி முடித்த காரை வாங்காமல், பாகங்களைச் சேர்த்து வீட்டிலேயே தமக்கென ஒரு காரை உருவாக்கிக்கொள்ள விரும்பும் ஒருவருக்கு யாழ்ப்பாணத்தில் நான்கு வழிகள் தென்படுகின்றன. வெளிநாட்டிலிருந்து முழுத் தொகுதியாக ஒரு கிட் காரை வருவிக்கலாம். இரும்புக் குழாய்களை ஒட்டி, காரின் எலும்புக்கூடான சட்டம் முழுவதையும் தாமே செய்யலாம். பழைய வோக்ஸ்வாகன் பீட்டிலின் அடித்தளத்தின் மேல் கண்ணாடியிழை உடலொன்றைப் பொருத்தலாம். அல்லது இங்கு இன்னும் எஞ்சியிருக்கும் ஒஸ்ரின், மொறிஸ் கார்களில் ஒன்றை முற்றாகக் கழற்றித் திரும்பப் பூட்டலாம். வெளிநாட்டு ஒப்பீடுகள் பெரும்பாலும் விலையையும் வேகத்தையும் வைத்தே இவற்றுக்குத் தீர்ப்புச் சொல்கின்றன. எமது நிலைமையில் அவை இரண்டும் பின்னால் வர வேண்டியவை. சில்லுகளைத் தாங்கும் சட்டத்தின் உறுதிக்கு யார் பொறுப்பு, அந்தச் சட்டத்துக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் ஏற்கனவே ஓர் இலக்கம் உண்டா என்ற இரு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகே மற்றவற்றைப் பேசுவதில் பயன் இருக்கிறது.

முழுத் தொகுதியை வருவிப்பது கைக்கு மிக இலகுவானது. இந்த வகையின் மூத்த காரான லோட்டஸ் செவனை 1957இல் லோட்டஸ் நிறுவனர் கொலின் சப்மன் அறிமுகப்படுத்தியபோது, பாகங்களாக விற்கப்படும் காருக்குப் பிரித்தானியாவில் கொள்வனவு வரி இல்லை என்பது அதன் பெரிய கவர்ச்சியாக இருந்தது. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் சலுகை போய்விடும் என்பதால், கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, அதைக் கடைசியிலிருந்து முன்னோக்கி வாசித்துக்கொள்ளும்படி விட்டார்கள் என்று ஒரு கதையும் உண்டு. 1973இல் அக்காரைத் தயாரிக்கும் உரிமை கேற்றர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. அதே ஆண்டில் பிரித்தானியாவில் பெறுமதி சேர் வரி வந்து பழைய சலுகையும் ஒழிந்தது. ஆயினும் பாகங்களாக வாங்கிப் பூட்டும் வழக்கம் நிலைத்துவிட்டது. சட்டம் ஒட்டி முடித்த நிலையிலேயே வருவதால் வெல்டிங் தெரியாதவர்கூட, நல்ல சாவித் தொகுதியும் பொறுமையும் இருந்தால், ஏறத்தாழ நூறு மணிநேர வேலையில் அதைப் பூட்டி எழுப்பலாம். ஸ்ரியரிங்கும் எமக்கு வேண்டிய வலப்புறத்தில் கிடைக்கும். அமெரிக்கக் கிட் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வசதி இல்லை.

இலண்டனில் இருக்கும் மச்சான் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுவார், உதிரிப்பாகம் என்று வந்தால் வரியும் குறையும் என்ற எண்ணம் இங்கு பலருக்கு இயல்பாக வருகிறது. அது சரிவராது. இலங்கை உட்படப் பெரும்பாலான நாடுகள் பின்பற்றும் சுங்க வகைப்பாட்டு முறையின் பொது விதிகளில் இரண்டாவது, பூட்டப்படாமல் வரும் பொருளையும் பூட்டப்பட்ட முழுப் பொருளாகவே கருத வேண்டும் என்கிறது. ஆகவே பெட்டிக்குள் இருப்பது சுங்கத்தின் பார்வையில் காரேயன்றி ஆணியும் குழாயும் அல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனிப்பட்ட வாகனங்களுக்குத் திரும்பத் திறக்கப்பட்ட போதிலும், வரிச்சுமை ஒரு பொழுதுபோக்குக்குத் தாங்கக்கூடியதாக இல்லை. வரி முழுவதையும் கட்டினாலும், நிலத்தை ஒட்டி ஓடும் அக்காரை மாரியில் வெள்ளம் நிற்கும் ஒழுங்கைக்குள் யார் ஓட்டுவது? பணமும் தார் போட்ட நல்ல வீதியும் உள்ளவருக்கான வழி இது. அவரை இக்கட்டுரை மேலும் பின்தொடரப் போவதில்லை.

இரண்டாவது வழி இளைஞரை அதிகம் ஈர்ப்பது. செவனின் உருவத்தைப் பின்பற்றி, மலிவான சதுரக் குழாயில் சட்டத்தை வீட்டிலேயே ஒட்டிச் செய்யும் முறை 1990களில் பிரித்தானியாவில் லோகொஸ்ற் என்ற பெயரில் பரவியது. அங்கே பின்சில்லு இழுக்கும் பழைய போர்ட் எஸ்கோட் ஒன்றிலிருந்து இயந்திரம், கியர் பெட்டி, பின் அச்சு ஆகியவற்றை எடுத்தார்கள். இங்கே அந்த இடத்துக்குப் பொருத்தமானது டொயோட்டா டிஎக்ஸ் வாகன். அதன் 4கே இயந்திரம் 1290 கனசென்ரிமீற்றர் கொள்ளளவு உடையது. அதே குடும்பத்துப் பெரிய இயந்திரமான 5கே, லைட் ஏஸ், டவுன் ஏஸ் வான்களில் வந்தமையால், அவற்றின் குடலையும் குணத்தையும் அறியாத பட்டறை யாழ்ப்பாணத்தில் அரிது. இங்கு இல்லாத பாகத்தைக் கொழும்புப் பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பிக்கலாம். மூலப்பொருளும் எளியது: 25 மில்லிமீற்றர் சதுரப் பொக்ஸ் பார், சுவர்த் தடிப்பு 1.6 மில்லிமீற்றர். இந்த அளவில் கணக்குப் பார்க்கும்போது நான்கு வழிகளிலும் மலிவானது இதுவே போலத் தோன்றும்.

ஆனால் 1.6 மில்லிமீற்றர் என்ற அந்த அளவில்தான் தொல்லை தொடங்குகிறது. எமது ஊர்களில் படலையும் யன்னல் கம்பியும் செய்யும் பட்டறைகளில் பெரும்பாலும் குச்சி வைத்து ஒட்டும் வெல்டிங்கே நடக்கிறது. பழகாத கையில் அது மெல்லிய குழாயை ஓட்டையாக்கிவிடும். ஓட்டை விழாமல் அவசரமாக இழுத்துச் சென்றால் மேலே அழகான வரி தெரியும், உள்ளே உலோகம் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்திராது. படலையில் இத்தகைய ஒட்டு விட்டால் படலை சரியும், அவ்வளவுதான். முன்சில்லின் கையைத் தாங்கும் தகட்டில் விட்டால் கார் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடும், அதுவும் முதல் நாளில் அல்லாமல், அதிர்ந்து அதிர்ந்து உலோகம் களைத்த பிறகு, வேகமாகப் போகும் ஒரு நாளில். ஆகவே இவ்வேலைக்குக் கம்பிச் சுருளும் காப்பு வாயுவும் கொண்ட மிக் வெல்டிங் இயந்திரமும், ஒட்டிய துண்டுகளை அரிந்து உள்ளே பார்த்துப் பழகும் சில மாதங்களும் வேண்டும். காற்று வீசும் முற்றத்தில் வாயு கலைந்துவிடும் என்பதால் மறைப்புள்ள கொட்டிலும் தேவை. துருப்பிடிக்காது என்று நாகம் பூசிய குழாயைத் தேர்ந்தெடுப்பது இன்னொரு தவறு. ஒட்டும்போது எழும் நாகப் புகை காய்ச்சலைத் தரும், ஒட்டிலும் துளைகள் விழும்.

ஒட்டத் தெரிந்தவருக்கும் அடுத்த தடை சூடு. ஒரு மூலையை முழுமையாக ஒட்டி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் சட்டம் முறுகும். தட்டையான பலகை மேசையில் கோடு கீறி, எல்லா மூட்டுகளையும் முதலில் பொட்டு வைத்துப் பிடித்து, மூலைவிட்டங்களை அளந்து சமமென்று கண்ட பிறகே, எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறி ஒட்ட வேண்டும். அதன் பின்னும் ஸ்ரியரிங் தண்டின் நீளமும் சில்லுக் கைகளின் சுழற்சி மையங்களும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால், பள்ளத்தில் விழும்போதெல்லாம் சில்லு தானாகத் திரும்பும். இது ஓட்டிப் பார்த்து அறியும் குறையல்ல; வரைபடத்திலேயே தீர்க்கப்பட வேண்டியது.

இவ்வளவையும் செய்து முடித்தவரின் கையில் இருப்பது பதிவில்லாத ஒரு சட்டம். டிஎக்ஸ் வாகனின் பதிவுச் சான்றிதழ் அதன் சொந்த உடலுக்கும் அடிச்சட்ட இலக்கத்துக்கும் உரியது. இயந்திரத்தைக் கழற்றி எடுப்பதால் அந்தப் பதிவு புதுச் சட்டத்துக்கு வந்துவிடாது. இலக்கம் பொறித்த தகட்டை வெட்டிப் புதுச் சட்டத்தில் ஒட்டிவிடலாம் என்று ஆலோசனை சொல்வோர் உண்டு. அது குற்றம் என்பது ஒருபுறமிருக்க, விபத்தொன்றின் பின் காப்புறுதிக்காரர் முதலில் தேடும் இடமும் அதுவேயாகும்.

பீட்டிலின் வழி, சட்டத்தின் உறுதி, பதிவு என்று தொடக்கத்தில் கேட்ட இரு கேள்விகளுக்கும் அரைவாசி விடையைக் கையில் வைத்துக்கொண்டே தொடங்குகிறது. அக்காரின் உடல் வேறு, அடித்தளம் வேறு. ஆணிகளைக் கழற்றி உடலைத் தூக்கினால், நடுவே முதுகெலும்பு போன்ற குழலும் இருபுறமும் தட்டுமாக, சில்லு, பிறேக், ஸ்ரியரிங், கியர் பெட்டி, இயந்திரம் அனைத்தையும் தாங்கிய ஒரு முழு வண்டி தரையில் நிற்கும். 1964இல் கலிபோர்ணியாவில் புறூஸ் மேயர்ஸ் என்பவர் செய்த மேயர்ஸ் மாங்ஸ் கடற்கரை வண்டி, பின்னர் அதைப் பார்த்துச் செய்யப்பட்ட எண்ணற்ற வண்டிகளைப் போலவே, இந்த வசதியின் மேல் எழுந்தது. அவருடைய முதல் சில வண்டிகளில் கண்ணாடியிழை உடலே சட்டமாகவும் இருந்தது. பீட்டிலின் அடித்தளத்தையே பயன்படுத்தத் தொடங்கிய பின்னரே அது பலருக்கும் எட்டியது. காற்றால் குளிரும் அதன் இயந்திரம் கியர் பெட்டியோடு நான்கு ஆணிகளில் பிடிபட்டிருப்பதால், வீட்டில் ஒரு யக்கியும் இன்னொருவரின் கையுதவியும் இருந்தால் அதை இறக்கிவிடலாம். தொடக்கநிலையாளருக்கு இதைவிட இரக்கமுள்ள இயந்திரம் கிடைப்பது கடினம்.

இதற்குள்ளேயே ஒரு கிளைத்தேர்வு உண்டு. மாங்ஸ் பாணி உடலுக்கு அடித்தளத்தை ஏறத்தாழ 36 சென்ரிமீற்றர் வெட்டிக் குறுக்க வேண்டும். குறுக்காத 2400 மில்லிமீற்றர் சில்லிடைத் தூரத்துக்கென்றே வடிவமைத்த உடல்களும் உள்ளன. வெட்டிய வண்டி பார்வைக்குத் துடிப்பானது. ஆனால் நடுக்குழலை வெட்டி ஒட்டும் கணத்தில், மேலே சொன்ன வெல்டிங் பிரச்சினை முழுவதும் திரும்ப வந்து சேர்கிறது; கியர்த் தண்டு, பிறேக் குழாய், வடங்கள் எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்றவும் வேண்டும். முதல் காரில் இது வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. குறுக்காவிட்டாலும், மூடிய உடல் கொடுத்த விறைப்பு போய்விடுவதால், தட்டின் இரு ஓரங்களிலும் பொக்ஸ் பாரை ஆணியால் இறுக்கி வலுவூட்டுவது அவசியம். இயந்திரத்தைச் சுற்றியுள்ள தகர மூடிகளை அழகு கருதிக் கழற்றிவிடும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். விசிறியின் காற்றைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுசெல்வது அந்தத் தகரமே. எமது சித்திரை வெயிலில் அது இல்லாத இயந்திரம் நெடுநாள் தாங்காது.

உடலைப் பொறுத்தவரை யாழ்ப்பாணத்துக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. காரைநகர்ச் சீநோர் படகுத்தளத்தின் காலந்தொட்டுக் கண்ணாடியிழைப் படகு செய்யும் தொழில் குடாநாட்டுக் கரையோரங்களில் ஊறியிருக்கிறது. ரெசின் என்ற பிசினையும் அதில் ஊறவைக்கும் இழைப்பாயையும் கையாளத் தெரிந்தவர்களை இங்கே தேடி அலைய வேண்டியதில்லை. கார் உடல் என்பது அவர்களுக்குப் படகைவிடச் சிறிய வேலை. தாமே செய்ய முனைபவர், மாதிரியுரு, அச்சு, உடல் என்று ஒரே வடிவத்தை மூன்று தடவை செய்யப் போகிறோம் என்பதை அறிந்து தொடங்க வேண்டும். ரெசினோடு கலக்கும் வினையூக்கி வழக்கமாக நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை. வெப்பம் கூடும்போது கலவை விரைவில் இறுகுவதால், குறைந்த அளவில் கலந்து அதிகாலையில் பூசுவதே இங்கு உகந்தது. அந்த வினையூக்கி ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வையைக் கெடுக்கும் என்பதால் கண்காப்பு இல்லாமல் போத்தலைத் திறக்கவே கூடாது.

பீட்டிலின் அடித்தளத்துக்குப் பதிவு உண்டு என்றாலும், மூடிய காரைத் திறந்த வண்டியாக்குவது பதிவிலுள்ள உடல் விபரத்தை மாற்றுகிறது. ஆகவே வரைபடத்தோடு திணைக்களத்தின் ஒப்புதலை எழுத்தில் பெறுவதற்கு முன் ஓர் ஆணியும் கழற்றப்படக் கூடாது. ஒப்புதல் கிடைக்காவிட்டால் பழைய உடலோடு அது இன்னும் ஒரு காராகவே இருக்கும். இரண்டாவது வழியில் இந்தத் திரும்பும் பாதை இல்லை.

ஒப்புதலுக்கே அலைய விரும்பாதவருக்கு நான்காவது வழி இருக்கிறது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட ஒஸ்ரின் ஏ40களை இங்குள்ள மூத்த தலைமுறை மறக்காது. அமுக்க விகிதம் குறைந்த பழைய இயந்திரங்கள் என்பதாலேயே அவை அந்தத் தாழ்ந்த எரிபொருளைச் சகித்தன. அவற்றில் டெவன், சமர்செற் என்ற இரு வடிவங்களுக்கும் தனியான அடிச்சட்டம் உண்டு; உடலைத் தூக்கி வைத்துவிட்டுக் கீழே உள்ளதைத் தனியே செப்பனிடலாம். மொறிஸ் மைனரோ உடலும் சட்டமும் ஒன்றாகச் சேர்ந்த கட்டமைப்பு. உப்புக் காற்று அதன் அடிப்பெட்டிகளை அரித்திருந்தால், பழுதுபார்ப்பு என்பது வெட்டி ஒட்டும் பெருவேலையாக மாறிவிடும். இந்த வழியில் புதிதாக ஒன்றைப் படைக்கும் இன்பம் குறைவு. பிறரிடமில்லாத கார் என்ற பெருமையும் வேறு வகையானது. ஆனால் பதிவு, இலக்கம், உருவம் மூன்றும் மாறாமலே ஒரு காரின் ஒவ்வொரு பாகமும் ஒருமுறை கையால் கடந்துபோகும். கிடைக்காத தண்டையும் அதைச் சுற்றி அமரும் பித்தளைப் புஷ்ஷையும் லேத் பட்டறையில் கடைந்து எடுக்கலாம். ஓரிடத்தில் கசிந்தாலே நான்கு சில்லுகளிலும் போய்விடும் பழைய ஒற்றைச் சுற்றுப் பிறேக்கை மட்டும் இரட்டைச் சுற்றாக மாற்றிக்கொள்வது நல்லது. இது பழைய பீட்டிலுக்கும் பொருந்தும்.

ஆகவே, பதிவுச் சான்றிதழோடு கூடிய பீட்டில் கிடைப்பவருக்குக் குறுக்காத அடித்தளத்தையும், அது கிடைக்காதவருக்கு டெவன் அல்லது சமர்செற்றையும் நான் பரிந்துரைப்பேன். லோகொஸ்ற் சட்டம் இரண்டாவது காராக இருக்கட்டும். அதற்கிடையில் யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரியிலோ கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகத்திலோ வெல்டிங், வாகனப் பயிற்சிகளுக்கு இடம் உண்டா என்று விசாரித்து வைக்கலாம்.

பீட்டில் பார்க்கப் போகிறவர் வர்ணத்தையும் இயந்திரத்தின் சத்தத்தையும் பிறகு பார்க்கட்டும். முதலில் பின் இருக்கையைத் தூக்க வேண்டும். பற்றரி அதன் கீழே வலப்புறத்தில் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் கசிந்த அமிலம் தட்டை அரித்திருந்தால் ஸ்குறூ டிரைவரின் நுனி அதற்குள் இறங்கும், அப்படி இறங்கினால் விலையைப் பாதியாகக் குறைத்துப் பேசலாம் அல்லது எழுந்து வந்துவிடலாம். அடிச்சட்ட இலக்கம் பொறிக்கப்பட்டிருப்பதும் அதே இருக்கைக்குக் கீழே, நடுக்குழலின் மேல். அதைத் துணியால் துடைத்து, ஒவ்வோர் எண்ணாகப் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிட்ட பின்னரே முற்பணத்தைப் பற்றிப் பேச வேண்டும்.