பனிச்சரிவுப் பகுதியில் நாய்: எந்தக் கருவி?

ஆல்ப்ஸ் மலைக்குப் பனிச்சறுக்க நாயையும் அழைத்துச் செல்வோர், மனிதர் அணியும் பீக்கனையே (பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் ரேடியோ சமிக்ஞைக் கருவி) அதற்கும் மாட்டுவதா, பீப்ஸ் டிஎக்ஸ்600 போன்ற 456 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் சமிக்ஞை அனுப்பும் சிறு கருவியை மாட்டுவதா என்று தயங்குகிறார்கள்.

தேடுதல்: மனிதர் பீக்கன்கள் அனைத்தும் 457 கிலோஹெர்ட்ஸில் இயங்குவதால், பனிக்கடியில் கிடப்பது நாயா தோழரா என்பதைத் திரையில் தெரியும் அம்புக்குறியும் மீட்டர் எண்ணும் சொல்வதில்லை. கால் மணி நேரத்துக்குள்ளேயே உயிர் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகச் சரியத் தொடங்குவதால், ஒரு மீட்டர் ஆழம் தோண்டி நாயை எடுப்பதற்குள் அருகில் புதைந்த மனிதர் மூச்சுத் திணறி இறந்துவிடக்கூடும். 456 கருவி சாதாரணத் தேடலில் குறுக்கிடாது; ஆனால் அதைத் தேடும் வசதியுள்ள பீக்கன் உரிமையாளரிடம் இருக்க வேண்டும்.

செலவு: பழைய பீக்கன் கைவசம் இருந்தால் முதலாவதற்குச் செலவில்லை; இரண்டாவதைப் புதிதாக வாங்க வேண்டும்.

அணிதல்: எதுவானாலும் கழுத்துப்பட்டையில் தொங்கவிடாமல் மார்புக் கச்சையில் இறுகக் கட்ட வேண்டும்.

பிறர் நடமாடும் சரிவுகளில் 456 கருவியே நியாயமானது. வேறு எவரும் வராத இடம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் 457 பொருந்தும். அத்தகைய இடம் அரிது. பனிச்சரிவுக்கான ஐந்து நிலை அபாய அளவுகோலில் நிலை 3 அறிவிக்கப்பட்ட நாளில், தயவுசெய்து நாயை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.