ட்ரை வானில் தூர ஓட்டமா, பிளாட்பெட்டில் கிட்ட ஓட்டமா?

ரொறன்ரோவைச் சுற்றிச் சொந்த ட்ரக் ஓட்டும் நம்மவர்கள் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போகாது. டெக்சஸ், கலிபோர்னியா என்று ட்ரை வான், அதாவது மூடிய பெட்டி ட்ரெய்லர், இழுத்தது போதும். பிளாட்பெட்டில், அதாவது கூரையும் பக்கச் சுவரும் இல்லாத திறந்த தட்டு ட்ரெய்லரில், ஹமில்ரனில் இரும்பு ஏற்றி மிச்சிகனிலோ ஒஹையோவிலோ இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம், மைலுக்குக் காசும் கூட. கூடத்தான். ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் கஷ்டம்.

ஒரு நாள் கணக்கை உதாரணத்துக்குப் போட்டுப் பார்ப்போம். வானில் 550 மைல், மைலுக்கு 2 டொலர் என்றால் வரவு 1,100. பிளாட்பெட்டில் மைலுக்கு 2.75, ஆனால் 350 மைல்தான் ஓடுகிறது என்றால் 962. ட்ரக் கேலனுக்கு 6.5 மைல் போகிறது, டீசல் கேலன் 4 டொலர் என்று வைத்துக் கழித்தால் வானில் 762 மிஞ்சும், பிளாட்பெட்டில் 747. ஏறக்குறைய சமம்!

ஏன் 350 மைல்தான்? அமெரிக்க விதிப்படி வேலை தொடங்கி 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். கிரேனுக்குக் காத்திருப்பது, சங்கிலி போடுவது, தார்ப்பாய் மூடுவது எல்லாம் அந்த 14 மணி நேரத்துக்குள்தான் போகும். வானிலும் டாக்கில், அதாவது கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்கும் வாசலில், காத்துக் கிடக்கிறோம்தான். ஆனால் ஒரு தடவை ஏற்றினால் இரண்டு மூன்று நாளுக்கு ஓட்டம் இருக்கும். கிட்ட ஓட்டத்தில் கிட்டத்தட்ட தினமும் ஏற்றி இறக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் காலி மைலைச் சேர்க்கவே இல்லை. 350-இல் 80 மைல் காலியாக ஓடினால் 220 டொலர் போய்விட்டது. வானுக்கு அநேகமாக எந்த ஊரிலும் ஏதாவது லோடு இருக்கும். பிளாட்பெட்டுக்கு இரும்பாலை, மர ஆலை, கட்டுமானச் சாமான் கிடங்கு இப்படிப்பட்ட இடங்களைத்தான் நம்ப வேண்டும். ஆகவே ஒரு கம்பெனியோடு பேசும்போது நான் முதலில் கேட்பது ரேட்டை அல்ல. திரும்பி வர என்ன லோடு, அது எங்கே ஏறும் என்பதைத்தான்.

அதுவும் இப்போது இரும்பை நம்பி இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. 2025 மார்ச்சில் அமெரிக்கா இரும்புக்கு 25 சதவீத வரி போட்டது, ஜூனில் அதை 50 ஆக்கியது. கனடாவும் பதிலுக்கு அமெரிக்க இரும்புக்கு 25 சதவீதம் போட்டது. போகிற லோடும் அடிபடுகிறது, வருகிற லோடும் அடிபடுகிறது. மரம், கூரைச் சாமான், காங்கிரீட் குழாய் என்று ஒன்ராறியோவுக்குள்ளேயே ஓடும் வேலை கிடைத்தால் அதன் பேச்சு வேறு. ஆனால் கட்டுமானம் குளிர்காலத்தில் படுத்துவிடும். அந்த மாதங்களுக்கும் ட்ரக் தவணை கட்டக் கையில் காசு வேண்டும்.

அப்புறம் உடம்பு. மர லோடை மூடும் தார்ப்பாய் ஒன்று 45 கிலோ அளவில் இருக்கும். ஜனவரியில் அது பலகை மாதிரி விறைத்துப்போகும். காற்றடிக்கும் நாளில் லோடுக்கு மேல் ஏறி அதை விரிக்க வேண்டும், விழுந்தால் முதுகு. கட்டுவதற்கும் கணக்கு உண்டு. கட்டுகளின் தாங்குதிறன் மொத்தமாகச் சரக்கு எடையில் பாதியாவது இருக்க வேண்டும். 45,000 இறாத்தல் லோடுக்கு 5,400 இறாத்தல் தாங்கும் நாலங்குலப் பட்டி நாலு போதாது, ஐந்து வேண்டும். முதல் 50 மைலுக்குள் நிறுத்தி, கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன்பின் 150 மைல் அல்லது மூன்று மணி நேரம், எது முதலில் வருகிறதோ அதற்கொரு தடவை. வானில் சீல் போட்ட கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் வேலைக்கும் இதற்கும் வெகு தூரம். தோளிலோ முழங்காலிலோ ஏற்கனவே நோவு இருப்பவர் வானிலேயே இருக்கட்டும் என்பேன்.

இவ்வளவும் சொன்ன பிறகும், சின்னப் பிள்ளைகள் இருக்கிற, உடம்பு நல்லாயிருக்கிற ஒருவர் கேட்டால் மாறச் சொல்வேன். காலி மைல் அதிகம் இல்லாமல் காசு சமமாக வந்தால், கிழமையில் நாலு இரவு வீட்டுச் சாப்பாடும் பிள்ளைகளின் முகமும் பெரிய இலாபம். ஆனால் ட்ரெய்லரை உடனே வாங்க வேண்டாம். கம்பெனி ட்ரெய்லரை இழுத்து ஒரு குளிர்காலத்தைக் கடந்து பாருங்கள். ஒப்பந்தத்தில் சங்கிலி, பட்டி, தார்ப்பாய் யார் செலவு, தார்ப்பாய் மூடத் தனிக் காசு உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். இழுத்து மூடும் கூரையுள்ள கொனெஸ்டோகா ட்ரெய்லர் இருந்தால் தார்ப்பாய் வேலையே இல்லை. ட்ரெய்லர் எடை கூடுவதால் ஏற்றும் சரக்கு குறையும், அவ்வளவுதான். ஐம்பதைத் தாண்டியவர் பிளாட்பெட்டுக்குத்தான் வருவேன் என்றால் அதைத் தேடிப் பிடிப்பது நல்லது.