பட்டன் போன்: மிக்ஜாம் புயல் மழைல நாலு நாள் ஓட்டிப் பாத்த ரிவ்யூ

இத வாங்குனது எங்க நைனாவுக்கு. பர்மா பஜார்ல பேரம் பேசி 1,150 ரூபா. அவரு "இன்னாடா இது, வாட்ஸப் கூட இல்ல"ன்னு மூஞ்சத் தூக்கி வெச்சுக்கினாரு, அதோட பீரோ மேல போய் உக்காந்துச்சு. 2023 டிசம்பர் 4, மழை விடாம கொட்டுன அன்னிக்கு தான் கீழ எறக்குனேன், அதுலேர்ந்து இது என் போனு.

தண்டையார்பேட்டைல எங்க தெருவுல முன்னாடி நாள் நைட்டே கரண்ட் கட். தண்ணி நிக்கும்போது ஷாக் அடிக்கக் கூடாதுன்னு பண்றது, அத குத்தம் சொல்லல. ஆனா என் டச் போன் மத்தியானத்துக்குள்ள செத்துப்போச்சு, சிக்னல் இல்லாத எடத்துல டவரைத் தேடித் தேடியே பேட்டரியத் தின்னுடும் அது. கடைசியா பாத்தது வியாசர்பாடி பசங்க குரூப்ல போட்ட, தண்ணில முழுகுன கணேசபுரம் சப்வே போட்டோ, அப்புறம் யாரு எங்க இருக்கான்னே தெரியல.

இந்த போனுக்கு பேட்டரி 1000 எம்ஏஎச் தான், கேட்டா சிரிப்பு வரும், ஆனா ஸ்கிரீன் சின்னது, நெட் கிடையாது, அதனால நைட்டெல்லாம் டார்ச் அடிச்சும் நாலு நாள் தாங்குச்சு. எஃப்எம் உண்டு, ஹெட்செட் ஒயர் சொருவுனா தான் எடுக்கும். புயல் பாபட்லா கிட்ட கரையக் கடந்துச்சுன்னு 5ந்தேதி ரெயின்போ 101.4ல தான் கேட்டோம்.

மெயின் மேட்டர் எஸ்எம்எஸ். கால் போட்டா டொய்ங் டொய்ங்னு கட் ஆகுது, ஆனா எஸ்எம்எஸ்ஸுக்கு டவர்ல கொஞ்சூண்டு எடம் போதும், அந்தப் பக்கம் போன் ஆஃப்ல இருந்தாலும் காத்துனு இருந்து அப்புறமா போய் சேரும். பிரச்சன இன்னான்னா எவன் நம்பரும் மனப்பாடமா தெரியாது, எல்லாம் செத்த போன்ல. சிம்முக்குள்ள மட்டும் காலேஜ் டைம்ல சேவ் பண்ண 11 பேரு இருந்தானுங்க, பாதிப் பேரு கூட பேசி வருஷக் கணக்காச்சு. "சேஃபா"ன்னு இங்கிலீஷ்ல அடிக்கப் பாத்தா "எஸ்"ஸுக்கு மட்டும் 7ஐ நாலு தடவ அமுக்கணும், வெறுத்துப்போய் "ஓகே?"ன்னு 11 பேருக்கும் தட்டுனேன்.

புளியந்தோப்புலேர்ந்து மொத பதில், "மாடில கீறோம் மச்சான்". ஒரு நம்பர் இப்ப வேற யாரோ ஒரு அக்காவோடது, "ஓகே தம்பி நீ யாரு"ன்னு கேட்டு, அப்புறம் அவங்களே ரெண்டு நாளும் விசாரிச்சுக்கினு இருந்தாங்க. எண்ணூர் காட்டுக்குப்பத்துல ஒருத்தன், கேரம் போர்டுல சண்ட போட்டு பேச்சு நின்னுபோன ஆளு, நைட்டு 11 மணிக்கு "யாரு?"ன்னு அனுப்புனான். பேர சொன்னேன். பத்து நிமிஷம் ஒண்ணும் வரல, அப்புறம் கால் வந்துச்சு, "டேய், தண்ணியோட ஆயில் வந்துச்சுடா, செவுரு, படகு, வலை எல்லாம் கறுப்புடா". கட் ஆயிடுச்சு. தண்ணி வடிஞ்சதும் நாலு பேரு பழைய துணி மூட்டையோட போய் அவன் படகத் தொடச்சோம், கைல ஏறுன அந்த நாத்தம் ஒரு வாரம் போவல.

வாங்குறவங்க ஒண்ணு பாத்துக்கோங்க, ஜியோல 2ஜி கிடையாது, அந்த சிம்ம 2ஜி பட்டன் போன்ல போட்டா நெட்வொர்க்கே வராது, 4ஜி மாடல் தான் எடுக்கணும். நம்பரெல்லாம் சிம்லயும் ஏத்தி வைங்க.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். கொறச்ச ஒண்ணு அந்த 7ம் நம்பர் பட்டனுக்கு, இப்பல்லாம் நாலு அமுக்கு அமுக்குனா மூணு தான் ஏறுது.