எப்டாயின், வால்ப்ராயேட், லெவிடிராசிட்டாம்: எது மூளையில் எங்கே கை வைக்கிறது?

எப்டாயின், வால்ப்ராயேட், லெவிடிராசிட்டாம் மூன்றும் வலிப்புக்கு, அதாவது ஃபிட்ஸுக்கு, கொடுக்கும் மருந்துகள். மருந்துச் சீட்டில் இத்தனை நாள் எப்டாயின் இருந்த இடத்தில் திடீரென்று லெவிடிராசிட்டாம் என்று எழுதியிருந்தால், வீட்டில் முதலில் எழும் கேள்வி, "இது அதைவிட பவரா?" என்பதுதான். பவரில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அமெரிக்காவில் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், ஃபிட்ஸ் நிற்காமல் அவசரப் பிரிவுக்கு வந்து, முதல் ஊசிக்கும் அடங்காதவர்களுக்கு இந்த மூன்றில் ஒன்றை நரம்பு வழியே ஏற்றிப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் வலிப்பு அடங்கித் தெளிவு திரும்பத் தொடங்கியவர்கள்: லெவிடிராசிட்டாம் 47 விழுக்காடு, எப்டாயினின் ஊசி வடிவம் 45, வால்ப்ராயேட் 46. அப்படியானால் வித்தியாசம் எங்கே? ஒவ்வொன்றும் நரம்பணுவின் எந்த வாசலில் நிற்கிறது, அங்கே நிற்பதற்கு என்ன கூலி கேட்கிறது என்பதில்.

எப்டாயின், அதாவது ஃபெனிடாயின், மூன்றில் பழைய கை. 1912 முதல் புழக்கத்தில் இருந்த ஃபீனோபார்பிட்டால் வலிப்போடு சேர்த்து ஆளையும் தூங்க வைத்துவிடும். தூங்க வைக்காமலே வலிப்பைத் தடுக்கலாம் என்று 1938இல் பாஸ்டனில் மெரிட், புட்னம் இருவரும் ஃபெனிடாயினைக் கொண்டு காட்டினார்கள். நரம்பணு ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் அதன் சோடியம் வாசல் திறந்து மூடும். வெறிபிடித்தாற்போல் அடுத்தடுத்துத் துடிக்கும் அணுவின் வாசலை மூடிய நிலையிலேயே இந்த மருந்து பிடித்து வைக்கிறது. நிதானமாகத் துடிக்கும் அணுவை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. அழகான ஏற்பாடுதான்.

சிக்கல் கல்லீரலில். குறிப்பிட்ட அளவுக்கு மேல் இந்த மருந்தைச் சிதைக்க அதற்குத் திராணியில்லை. 300 மில்லிகிராமை 400 ஆக்கினால் இரத்தத்தில் இருக்கும் அளவு இரட்டிப்பாகக்கூட வாய்ப்புண்டு. மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை சரி. 20ஐத் தாண்டினால் கண்மணிகள் தாமாக ஆடத் தொடங்கும், 30ஐ ஒட்டி நடை தள்ளாடும். குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று பேச்சு வாங்குபவர்களில் சிலர் உண்மையில் மாத்திரை கூடிப்போனவர்கள். நீண்ட காலம் எடுத்தவர்களில் சிலருக்குச் சிறுமூளை சுருங்குவதும், கால் நரம்புகள் உணர்விழப்பதும் உண்டு. ஈறு வீங்கி வளர்வது எல்லாருக்கும் தெரிந்த கதை.

வால்ப்ராயேட் ஒரே வாசலில் நிற்பதில்லை. சோடியம் வாசலையும் தொடும், மூளையை அடக்கி வைக்கும் காபா என்ற வேதிப்பொருளையும் கூட்டும். அதனால் அதன் வீச்சு அகலம். பாடம் நடக்கும்போது சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் தொடரும் குழந்தைக்கு எப்டாயின் கொடுத்தால் பயனில்லை, சில சமயம் நிலைமை மோசமாகும். வால்ப்ராயேட்டோ அந்த வலிப்பை நிறுத்துவதோடு, மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. சோதனையில் நொடிக்கு மூன்றாக வரும் அந்தக் கூர் அலைகளையும் பல நேரம் துடைத்துவிடும்.

இ.இ.ஜி. பற்றி ஒரு வார்த்தை. எப்டாயினிலோ, கார்பமசெபைன் என்ற இன்னொரு வலிப்பு மருந்திலோ ஃபிட்ஸ் முற்றிலும் நின்ற பிறகும் கூர் அலைகள் அப்படியே தெரியலாம். ரிப்போர்ட் சரியில்லை என்பதற்காக மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். குளோபசாம் என்ற வலிப்பு மருந்தை எடுப்பவருக்கு வேக அலைகள் கூடித் தெரியும், அது மருந்தின் கைரேகை. என்னென்ன மாத்திரை ஓடுகிறது என்பதைச் சோதனைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

வால்ப்ராயேட் கேட்கும் கூலியும் பெரிது. டீ டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கும், எடை ஏறும். கல்லீரல் சோதனை சரியாக இருக்கும்போதே அமோனியா கூடி ஆள் மந்தமாகிவிடுவதும் உண்டு. கர்ப்பத்தில் எடுத்தால் சுமார் பத்தில் ஒரு குழந்தைக்குப் பெரிய பிறவிக் குறைபாடு வருகிறது. குழந்தையின் அறிவுத்திறனும் பாதிக்கப்படலாம்.

லெவிடிராசிட்டாம் நிற்கும் இடமே வேறு: ஓர் அணு அடுத்ததற்குச் செய்தி அனுப்பும் முனையில், வேதிப்பொருள் அடைத்த நுண்பைகளின் மேலிருக்கும் எஸ்.வி.2ஏ என்ற புரதத்தில். மருந்து சந்தைக்கு வந்தது 1999இல், இந்தப் பிடி தெரியவந்தது 2004இல்! பெரும்பாலும் சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் மற்ற மருந்துகளோடு மோதல் குறைவு. அடிக்கடி இரத்தத்தில் அளவு பார்க்க வேண்டியதில்லை, சிறுமூளையையும் பொதுவாக வதைப்பதில்லை. ஆனால் மனத்தில் கை வைக்கும். சாதுவாக இருந்தவர் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவார், சிலர் சோர்ந்து போவார்கள். இதைத் தன் குணமென்றே நோயாளி நினைத்துக்கொள்வதால் டாக்டரிடம் சொல்வதில்லை. வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

புதியது என்பதற்காக இது எல்லாவற்றிலும் முதலிடம் பிடித்துவிடவில்லை. பிரிட்டனில் 2021இல் வெளியான பெரிய ஒப்பீட்டில், மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் வலிப்புக்கு லாமோட்ரிஜின் என்ற வேறொரு மருந்து முந்தியது, மூளை முழுதும் ஒருசேரக் கிளம்பும் வகைக்கு வால்ப்ராயேட் முந்தியது.

எனக்கு எப்டாயின் அவசரத்துக்கு ஊசியாக ஏற்றச் சரி, வாழ்நாள் மாத்திரையாக முதல் தேர்வு இல்லை. அதில் பல ஆண்டுகள் நன்றாக இருப்பவரைக் கலைக்கவும் மாட்டேன். காலையில் எழுந்ததும் கை வெட்டி இழுத்துக் காபி டம்ளரைத் தவறவிடும் பதினெட்டு வயதுப் பையனுக்கு வால்ப்ராயேட். அதே வலிப்போடு வரும் அவன் அக்காவுக்கு, பலன் கொஞ்சம் குறைந்தாலும், லெவிடிராசிட்டாம். அவள் ஏற்கெனவே வால்ப்ராயேட்டில் இருந்தால், கல்யாணப் பேச்சு தொடங்கும் முன்பே டாக்டரிடம் போய்ப் படிப்படியாக மாற்ற வேண்டும். பயந்துபோய்த் தானாக நிறுத்தினால் வருவது நிற்காத ஃபிட்ஸ்.