ஒரே பெரிய துறையா, ஓட்டை இருந்த இடத்தில் அடைப்பா?

பெரிய தாக்குதல் ஒன்று நடந்ததும் ‘உடனே ஏதாவது செய்யுங்கள்’ என்று மக்கள் கேட்பார்கள். 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அமெரிக்காவும், 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இந்தியாவும் இந்த நெருக்கடியை வெவ்வேறு விதமாகச் சமாளித்தன.

அமெரிக்கா எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவரப் பார்த்தது. 2002இல் சட்டம் போட்டு, சுங்கம், குடியேற்றம், கடலோரக் காவல்படை, பேரிடர் மேலாண்மை என 22 அமைப்புகளைச் சேர்த்து உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையை உருவாக்கியது. சரி, கோட்டை விட்டது யார்? அல்-கொய்தா ஆட்கள் இருவர் நாட்டுக்குள் வந்தது வெளிநாட்டு உளவு அமைப்பான சிஐஏவுக்குத் தெரிந்திருந்தும், தகவல் உரிய நேரத்தில் உள்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐக்குப் போகவில்லை. அந்த இரண்டு அமைப்புகளும் புதிய துறைக்கு வெளியேதான் இருந்தன! உளவு அமைப்புகளை ஒருங்கிணைக்க 2004இல் தனிச்சட்டம் தேவைப்பட்டது. புதிய துறைக்குள் போன பேரிடர் அமைப்போ 2005 கத்ரீனா புயலில் திணறியது. உண்மையில் பலன் தந்தவை விமானிகள் அறைக் கதவை வலுப்படுத்தியது, விமான நிலையச் சோதனையை அரசே எடுத்துக்கொண்டது போன்ற வேலைகள்தான். அவற்றுக்கு இந்த மாபெரும் துறை தேவைப்படவே இல்லை.

இந்தியா ஓட்டை தெரிந்த இடத்தில் கைவைத்தது. ப. சிதம்பரம் உள்துறை அமைச்சரான ஒரு மாதத்துக்குள் தேசியப் புலனாய்வு முகமைக்கான (என்ஐஏ) சட்டம் நிறைவேறியது. டெல்லிக்கு அருகிலுள்ள மானேசரிலிருந்து தேசியப் பாதுகாப்புப் படை (என்எஸ்ஜி) கமாண்டோக்கள் மும்பை வந்து சேர்வதற்குள் பல மணி நேரம் போய்விட்டதால், 2009இல் மும்பை, சென்னை, கொல்கத்தா, ஹைதராபாத்தில் என்எஸ்ஜி மையங்கள் வந்தன. பத்துப் பேரும் கடல்வழியாக வந்ததால், கடலோரப் பாதுகாப்பின் ஒட்டுமொத்தப் பொறுப்பு கடற்படையிடம் போனது. என் ஓட்டு இந்த முறைக்குத்தான்.

ஆனால் என்ஐஏவின் முக்கிய வேலை சம்பவத்துக்குப் பிறகான விசாரணை. முன்கூட்டியே தடுக்க 2012இல் மத்திய அரசு கொண்டுவந்த தேசியப் பயங்கரவாதத் தடுப்பு மையத்தை ஜெயலலிதா, மம்தா, அப்போது குஜராத் முதல்வராக இருந்த மோடி எனக் கட்சி வேறுபாடின்றி எதிர்த்தார்கள். காவல்துறை மாநிலங்களின் அதிகாரம் என்பது அவர்கள் வாதம். அது எனக்கு நியாயமாகவே படுகிறது. உளவு பார்க்கும் ஐபியின் (மத்திய அரசின் உளவுத்துறை) கீழ் இருக்கும் அந்த மையத்துக்குக் கைது அதிகாரமும் எதற்கு? அப்புறம் ஐபியிலிருந்து பிரித்து, மாநிலக் காவல்துறை மூலமாகவே செயல்படும்படி திருத்தி 2013இல் மறுபடி கொண்டுவந்தார்கள். அதற்கும் முதல்வர்கள் பலர் ஒத்துக்கொள்ளவில்லை. திட்டம் கிடப்பில் போடப்பட்டது.