புகாட்டி பெட்டிக்குள் சுகம், நான் வெளியே துணியோடு

தேவகோட்டை நண்பர் ஒருவர் போனில் கேட்டார்: "அந்த அக்ரிலிக் பெட்டி விலை இறங்கியிருக்காமே, வாங்கிப் போடலாமா?" மாதிரிக் கார்களைத் தூசு படாமல் மூடி வைக்கும், கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் பெட்டியைத்தான் கேட்கிறார். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. நல்ல சாமான்தான். ஆனால் அதன் மேல் பலகையை இப்போதுதான் மாற்றினேன், அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

என் பெட்டிக்குள் நிற்பது லெகோ டெக்னிக் புகாட்டி சிரோன், துண்டு துண்டாகக் கோத்துக் கட்டும் மாதிரிக் கார். 2018-ல் வந்தது, 3,599 துண்டுகள், 1:8 அளவு, நீளம் 56 செ.மீ. வண்டியைப் பற்றித் தெரியாதவர்கள் இதைப் படிக்கப் போவதில்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன். பெட்டியின் கதைதான் பெரிய கதை.

எங்களுடையது வளவு வீடு. நடுவில் முற்றம் திறந்தே கிடக்கும். வெயிலும் மழையும் உள்ளே வரட்டும் என்றுதான் கட்டினார்கள். அவற்றோடு சேர்ந்து செம்மண் புழுதியும் வரும், புறா வரும், பல்லிக்குக் கேட்கவே வேண்டாம். டெக்னிக் வண்டியில் உடம்பெல்லாம் ஓட்டை, இடுக்கு. மூடாமல் வைத்தால் ஆடிக் காற்று முடிவதற்குள் நீல வண்டி காவி நிறத்துக்கு வந்துவிடும். அப்புறம் கேமராவுக்கு ஊதும் ரப்பர் பந்தும், முகப்பவுடர் பூசும் பிரஷுமாக உட்கார்ந்து இடுக்கு இடுக்காகத் தட்ட வேண்டும். பல்லி எச்சம் அதைவிட மோசம். அதன் வெள்ளை முனை யூரிக் அமிலம். பெயின்ட் அடித்த வண்டிமேல் காய்ந்து ஒட்டினால் துடைத்த பிறகும் தடம் தெரியும்.

பெட்டி வந்த பிறகு இந்தத் தொல்லை ஒழிந்தது. நாலைந்து வருஷமாக வண்டியைத் தனியே தூசு தட்டியதில்லை. கருப்புச் சக்கர விளிம்பில்கூடப் புழுதி இல்லை. ஒரே ஒரு தடவை, லைட் வயருக்காகப் பின்பக்கம் விட்டிருந்த ஓட்டை வழியாகப் பல்லி நுழைந்து, என்ஜினுக்குப் பின்னால் இரண்டு முட்டை இட்டிருந்தது. பதினாறு சிலிண்டருக்கு நடுவே பட்டாணி போல இரண்டு வெள்ளை உருண்டை. ஓட்டையை அடியோடு அடைத்தால் உள்ளே ஈரமும் ஆவியும் தங்கும் என்பதால், கொசுவலைத் துண்டை வெட்டி ஒட்டினேன். வலை இன்றுவரை நிற்கிறது.

உள்ளே இப்படி என்றால், வெளியேதான் வினை. அக்ரிலிக் பலகையை உலர்ந்த துணியால் தேய்த்தால் மின்னேற்றம் பிடித்துக்கொள்ளும். துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் தூசு ஓடி வந்து ஒட்டும், இன்னும் அழுத்தித் தேய்த்தால் இன்னும் ஒட்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் காற்று ஈரமாக இருக்கும்போது பரவாயில்லை. கோடையில் உச்சம். ஒட்டுவதும் சாதாரணத் தூசு இல்லை, செம்மண்ணில் நைஸான மணல் துகள் கலந்திருக்கும். கண்ணாடி என்றால் தாங்கும். அக்ரிலிக் மென்மையானது, ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஒரு மயிரிழைக் கீறல். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது பாருங்கள், பலகை முழுக்கச் சிலந்தி வலைதான் தெரியும். மைக்ரோஃபைபர் துணியை நனைத்துப் பிழிந்து, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, அழுத்தாமல் ஒரே திசையில் துடைத்தால் ஓரளவு தப்பிக்கலாம். ஓரளவுதான். வாரம் ஒருமுறை இந்த வேலை உண்டு, நான் வெளியூர் போனால் செய்ய ஆள் கிடையாது.

அப்படி ஊரில் இல்லாத சமயத்தில்தான், பெரியப்பச்சியின் சாந்திக் கல்யாணத்துக்காக (அறுபதாம் கல்யாணம்) வீடு துப்புரவு செய்ய ஆட்கள் வந்தார்கள். கண்ணாடி மாதிரி தெரிந்ததால் கண்ணாடிக்கு அடிக்கும் நீல மருந்தைப் பெட்டிமேலும் அடித்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அமோனியாவோ ஆல்கஹாலோ கலந்த மருந்து அக்ரிலிக்கில் பட்டால், இழுவிசை தங்கியிருக்கும் இடங்களில் மெல்லிய வெடிப்பு விடும். வெட்டிய ஓரங்களிலும் திருகு ஓட்டைகளைச் சுற்றியும்தான் முதலில் தெரியும். மேல் பலகையின் நாலு ஓரத்திலும் வெள்ளி ரேகை மாதிரி ஓடிவிட்டது. அந்தப் பலகை 3 மி.மீ.தான், தன் எடையிலேயே நடுவில் லேசாகத் தொய்ந்திருந்தது வேறு.

பெட்டி விற்றவர்களுக்கு எழுதினேன். மேல் பலகை மட்டும் தனியாகத் தர மாட்டார்களாம், முழுப் பெட்டியாக வாங்க வேண்டுமாம். ஆறு பலகையில் ஐந்து நன்றாக இருக்கிறது ஐயா என்று படம் எடுத்தும் அனுப்பினேன். பதிலுக்குத் தள்ளுபடிக் கூப்பன் வந்தது. கடைசியில் காரைக்குடியில் பெயர்ப்பலகை செய்யும் கடையில் 5 மி.மீ. பலகையை லேசரில் வெட்டி வாங்கினேன். தொய்வு போய்விட்டது, மூடி கனமாகவும் கச்சிதமாகவும் உட்காருகிறது. கம்பெனி மூடியைவிட நன்றாக இருக்கிறது என்பதுதான் இன்னும் ஆத்திரம்.

நியாயமாகச் சில விஷயம் சொல்ல வேண்டும். அக்ரிலிக் கண்ணாடியில் பாதி எடைகூட வராது, ஒரே ஆளாக மூடியைத் தூக்கலாம். கல்யாண வீட்டில் பிள்ளைகள் மோதினாலும் சில்லாகச் சிதறாது. தெளிவிலும் குறை இல்லை, கீறல் விழும்வரை. எங்கே வைக்கிறோம் என்பது வேறு கதை. முகப்பில் வைத்தால் வருகிறவர்கள் பார்ப்பார்கள், ஆனால் வெயில் படும். லெகோ துண்டுகளில் பெரும்பாலானவை ஏபிஎஸ் பிளாஸ்டிக், புற ஊதாக் கதிரில் பழுப்பேறும். சாதா அக்ரிலிக் அந்தக் கதிரை முழுசாகத் தடுக்காது. வளவை ஒட்டிய ஜன்னலில்லாத அறைதான் பாதுகாப்பு. கனத்த சுவர், சூடு ஏறாது, வெளிச்சமும் இல்லை. இருட்டில் வைக்க எதற்கு வாங்கினோம்? இப்போது முற்றத்தைச் சுற்றி ஓடும் தாழ்வாரப் பத்தியில், வெயில் எட்டாத மூலையில் நிற்கிறது. அப்பத்தா கடந்து போகும்போதெல்லாம், "சீர் சாமானுக்குக்கூட இம்புட்டுக் காபந்து இல்லையேப்பா" என்பார்.

இதே கம்பெனியின் சின்னப் பெட்டிகளில் 1:18 டைகாஸ்ட் (உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்த) வண்டிகளை வைத்ததில்தான் இன்னொரு பாடம். அவற்றின் மெத்தென்ற பிவிசி டயரில் இருக்கும் மென்மையாக்கி எண்ணெய் மெல்லக் கசிந்து, அடிப்பலகையைத் தின்றுவிடும். வண்டியைத் தூக்கினால் நாலு டயர் தடமும் பலகையில் பள்ளமாக, பிசுபிசுப்பாக இருக்கும். இதற்கு எனக்குக் கிடைத்த மருந்து ஆத்தங்குடி டைல். நாலரை மீட்டர் காரை 18-ஆல் வகுத்தால் 25 செ.மீ.; பத்து அங்குல டைல் அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது. சிமென்ட்டும் மணலும்தானே, பிளாஸ்டிக் போல டயரோடு ஒட்டிக்கொள்வதில்லை. பூ வேலைப்பாட்டின் மேல் சிவப்பு வண்டி நிற்பதைப் பார்த்தால் கம்பெனி கொடுத்த கருப்புப் பலகையை யாரும் தேட மாட்டார்கள். பெட்டிக்குள் எனக்கு மிகப் பிடித்தது பெட்டியோடு வராத இந்த டைல்தான்.

டைகாஸ்ட் வைத்திருப்பவர்களுக்கு மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பையும் வேண்டும். ஈரம் தங்கினால் பெயின்ட் கொப்பளிக்கும். துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்திருந்தால் உலோகமே உள்ளுக்குள் வெடித்துப் பொடியும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி என்ற பிரிட்டிஷ் பொம்மை வண்டிகள் பல அப்படித்தான் போயின, அதற்கு வைத்தியம் கிடையாது. உலோக அரிப்பையும் ஆராயும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) 1953-லேயே திறந்த காரைக்குடியில் இருந்துகொண்டு இதையெல்லாம் சொல்லாமல் இருக்க முடியுமா?

கண்ணாடிக்கு மாறலாமே என்பீர்கள். பழஞ்சாமான் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட பழைய தேக்கு அலமாரி ஒன்று பார்த்து, டைகாஸ்டுகளில் பாதியை அதற்கு மாற்றிவிட்டேன். துடைத்தால் துடைத்தபடி இருக்கிறது, அந்த நீல மருந்தே அடிக்கலாம். ஆனால் புகாட்டியை வைத்தால் இரண்டு கதவும் சேரும் நடுச்சட்டம் வண்டியின் நட்ட நடுவில், கதவுக் கைப்பிடிக்கு நேரே வந்து நிற்கிறது. அதனால் அது பெட்டியிலேயே இருக்கிறது, இனியும் இருக்கும்.

ஆக நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். வண்டியைக் காப்பாற்றியது அந்தப் பெட்டிதான், ஒப்புக்கொள்கிறேன், இருந்தாலும் வேண்டாம். போர்டு கடையில் அளவு கொடுத்து 5 மி.மீ.-ல் செய்துகொள்ளுங்கள், உடைந்த பலகையை மறுபடி வெட்டித் தருவார்கள். விலை இறங்கியது புது மாடல் வருவதால் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். நடப்பு மாடலுக்கே தனி மூடி தராதவர்கள், நின்றுபோன மாடலுக்கா தரப் போகிறார்கள்?